பன்னிக்கு வாங்கின அச்சு

எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பலேறினப்ப, ரைட்டரா இருந்த என் ஊட்டுக்காரருக்குத் தன்னோட துப்பாக்கியைக் குடுத்தாரு, லைசென்சையும் மாத்திக் குடுத்தாரு. குண்டு வார்க்கற அச்சை மட்டும் மறந்து பெட்டியோட கொண்டுபோயிட்டாரு. துப்பாக்கி சன்னக் குழல். கடைக் குண்டு எதுவும் சேராது, ஈயம் காய்ச்சி நாமளே வார்த்தாத்தான் உண்டு. அச்சு வர வரைக்கும் அதுல துணி காயப்போடலாமேன்னு கேட்டேன். அன்னையிலிருந்து துப்பாக்கியைத் தலைமாட்டுலயே வெச்சுப் படுத்தாரு.

ஆனா துப்பாக்கி வேண்டித்தான் இருந்துச்சு. மலைமேல செம்மநத்தத்துல எங்களுக்கு ஒரு துண்டுக் காடு. மரவள்ளி போட்டிருந்தோம், காட்டுப்பன்னி இறங்க ஆரம்பிச்சிருச்சு. எங்க நாலு புள்ளைங்களுக்கும் ஆடி வரைக்கும் அந்தக் கெழங்குதான் சோறு. அதுவும் போச்சுன்னா அடுப்புல பூனைதான் படுக்கணும்.

இந்த நெலமையில மனுசன் அச்சு வாங்க பொண்ணு பாக்கற மாதிரி கெளம்பினாரு. பித்தளையா இரும்பா? ஒத்தைக் குழியா ரெட்டைக் குழியா? உருண்டையா, மூக்கு நீண்டதா? என்னைப் பாக்க வந்தப்பக்கூட இத்தனை விசாரிக்கலை.

துப்பாக்கியைத் தூக்கிட்டு சேலம் பஸ்ல ஏற அவருக்குப் பயம். அளவு காட்ட வேற ஏதாவது வேணும். சுண்டக்காய், காப்பிக்கொட்டைன்னு ஒவ்வொண்ணா குழல் வாயில வெச்சுப் பாத்தாரு. பட்டாணி உள்ள போயி மாட்டிக்கிச்சு, அதை எடுக்க ஒரு நாள் ஆச்சு. கடைசியில என் கழுத்தைப் பாத்தாரு. தாலிக்கு ரெண்டு பக்கமும் கோத்திருந்த தங்கக் குண்டு.

"ஏம்புள்ள, அதைக் கொஞ்சம் கழட்டு."

பன்னிக்காகத் தாலி கழட்டினவள்னு பேரெடுக்க நான் தயாரா இல்லை. கழுத்துல இருந்தபடியே குனிஞ்சு குழல் வாயில வெச்சேன். கச்சிதமா உக்காந்துச்சு. அதனால அளவு காட்ட நானும் சேலம் போக வேண்டியதாச்சு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் குடல் வெளிய வந்துட்டுப் போச்சு.

பித்தளைப் பட்டறையில துப்பாக்கின்னு வாயெடுத்தா போலீஸ் வந்துருமோன்னு இவருக்கு அடுத்த பயம். பட்டறைக்காரர் காதோரமாப் போயி, "குண்டு அச்சு ஒண்ணு வேணுமுங்க. இந்த அளவு"ன்னு என் கழுத்தைக் காட்டினாரு. நான் பஸ் மயக்கம் தீராம தூணைப் புடிச்சு நின்னேன். பட்டறைக்காரர் அளவெடுத்தாரு.

"உருண்டைங்களா, நீட்டமுங்களா?"

"நீட்டமானது நேராப் போகும்ங்கறாங்க. நமக்கு உருண்டையே போதுமுங்க."

பட்டறைக்காரர் ஒரு மாதிரியாப் பாத்தாரு. "குழி ரெண்டுதானுங்க வழக்கம். எதுல வார்ப்பீங்க?"

"ஈயத்துலதானுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. "எல்லா ஊட்டுலயும் கஷ்டந்தானுங்க இப்ப."

"எல்லாம் இந்தப் பன்னிகளாலதானுங்க"ன்னாரு இவரு. யாரைச் சொல்றாருன்னு பட்டறைக்காரர் கேக்கலை.

பத்து நாள் கழிச்சு பஸ்ல அச்சு வந்துச்சு. நான் தாளிக்கற கரண்டியை எடுத்து அதுலயே ஈயம் காய்ச்சி ஊத்தினாரு. அச்சைத் திறந்தா பளபளன்னு ரெண்டு உருண்டை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு ஓட்டை. அச்சோட ஒரு பாதியில குழிக்கு ஒண்ணா ஊசி மாதிரி கம்பி நட்டிருந்துச்சு. நூல் கோக்கறதுக்கு! தாலிக்குண்டு அச்சுன்னே நெனச்சு செஞ்சிருக்காரு அந்த மனுசன். நான் சிரிச்ச சிரிப்புல கீழ உக்காந்துட்டேன். இவரு சிரிக்கலை.

கம்பியை அறுக்க ஊட்டுல அரம் இல்லை, திருப்பி அனுப்பினா இன்னும் பத்து நாள் ஆகும். ஓட்டைக் குண்டையே போட்டுச் சுட்டாரு. அது விசிலடிச்சுக்கிட்டே போயி பலாமரத்துல பாஞ்சுது. பன்னிங்க தலைகூடத் தூக்கலை. ஒரு வாரத்துல காடு மொத்தமும் கெளறிக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரலை.

என் தங்கக் குண்டு ரெண்டும் சேலத்துக்கு இறங்கி அரிசியா ஏறி வந்துச்சு. சேர்வராயன் கோயில் நோம்பித் திருவிழா வந்தப்ப, குண்டில்லாத தாலியோட எப்படி நாலு பேர் முன்னால நிக்கறதுன்னு அழுதேன். இவரு மிச்ச ஈயத்தைத் தேடி எடுத்தாரு. அடுப்பைப் பத்தவெச்சாரு. ஈயத்தை அதே கரண்டியில காய்ச்சி, வார்த்து, மணல்ல தேச்சு, அவரே கோத்து என் கழுத்துல போட்டாரு. நூலுக்கு ஓட்டை அவ்வளவு பாந்தமா இருந்துச்சு. பட்டறைக்காரர் வேலையில குத்தம் சொல்ல நொம்பக் கஷ்டம்.

நோம்பிக்குப் போற வழியில, ஒண்டிக்கடை முக்குல ஒருத்தி என் கழுத்தையே பாத்துட்டு நின்னா. "ஏனுங்கக்கா, குண்டு இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

"பன்னிக்கு வார்த்தாருங்க"ன்னேன். "குறி தப்பி என்மேல பட்டுருச்சு."