பையில்லாத பேண்ட்டும் அமெரிக்க வட்டியும்

நல்லசிவம் நகை திருடினான் என்று சொல்கிற வாயை முதலில் மூடு, பங்கஜம். தி. நகர் நகைக்கடையில் அவனுக்குக் கொடுத்த பேண்ட்டைப் பார்த்திருக்கிறாயா? பையைத் தைத்து மூடியிருப்பார்கள். அதற்குமேல் வேலை முடிந்ததும் வாசலில் செக்யூரிட்டி தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவான். இருபத்திரண்டு வருஷம் அப்படித் தடவப்பட்டவன் நகையை எங்கே ஒளித்துவைப்பான், காதுக்குள்ளா?

நம் தெருவில் மாடிப் போர்ஷனில்தான் குடியிருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம் அமெரிக்கா. அங்கே இருக்கிற பெரிய பேங்க் வட்டியை ஏற்றுமா, இறக்குமா என்று செல்போனில் கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பான். வட்டி ஏறினால் வெளிநாட்டுக்காரன் தங்கத்தை விற்றுப் பேங்கில் போடுவானாம், பவுன் இறங்குமாம். வட்டி இறங்கினால் தங்கத்தைத் தேடி ஓடுவானாம், பவுன் ஏறுமாம். நம் வீட்டுத் தாலிக்கொடிக்கு விலை வைப்பவன் எவனோ ஒரு கோட்டுக்காரன். தாலி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

வினை வந்தது என்னால்தான். அட்சய திருதியை அன்று ஒரு கிராம் காசு வாங்க நானும் அந்தக் கடை வரிசையில் நின்றேன். விலைப் பலகையைப் படிக்க எனக்குத் தெரியாது. நல்லசிவம்தான் படித்துச் சொன்னான்.

"இன்னா நைனா, இம்மாம் வெல சொல்ற? எறங்காதா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "வர்ற புதன்கிழமை அமெரிக்கால வட்டிய ஏத்துவான் ஆச்சி. ஒரு வாரம் பொறுத்து வாங்குங்க."

எனக்குக் காது மந்தம். "சத்தமா சொல்லு" என்றேன். மரியாதை தெரிந்த பிள்ளை, சத்தமாகச் சொன்னான்.

இன்று வாங்கினால் வருஷமெல்லாம் பெருகும் என்று வந்த கூட்டம், கடை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. மகாலட்சுமியைவிட அமெரிக்காக்காரன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வந்தார். "ஏலே, நீ எனக்கு வேலை பாக்கியா, அமெரிக்காவுக்கா?"

"கேட்டாங்க அண்ணாச்சி, சொன்னேன்."

"அப்ப சம்பளத்தையும் அங்கயே போய் வாங்கிக்கோ."

அந்த வட்டி ஏறவில்லை, பவுன்தான் ஏறியது. தப்பாகச் சொன்னான், ஒப்புக்கொள்கிறேன். டிவியில் டை கட்டினவர்கள் தினமும் தப்பாகச் சொல்கிறார்கள். அவர்களை மறுநாளும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

வேலையை விட்டு அனுப்பிய அன்று என் கண்ணெதிரே, வாசலில் அவனைக் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினான். தைத்து மூடிய பையை ஒருமுறை தடவினார்கள். ஒன்றுமில்லை. படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அவசரப்பட்டு வாங்கிராதீங்க ஆச்சி" என்றான். வெயிலில் இறங்கி நடந்தான்.