த்ரீயில் தூக்குவதா, த்ரீக்குப் பிறகா

கங்காதரன் மேஸ்திரியாக இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். போகட்டும். நடந்ததை நான் சொல்கிறேன்.

எழுபத்து நாலாம் வருஷம். செங்கல்பட்டில் ஹயாத் பாஷா என்றொரு கருங்கல் வியாபாரி இருந்தார். மலையில் உடைத்த பாறைகளை லாரியில் ஏற்றிவந்து மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் இறக்குவது அவர் தொழில். கிரேனா, அதெல்லாம் யார் கண்டது? கடப்பாரை, உருளைக் கட்டை, எட்டு ஆள், அவ்வளவுதான். பழைய மேஸ்திரி மகள் வீட்டோடு போய்விட, பாய் கங்காதரனைக் கூப்பிட்டு இனி நீதான் மேஸ்திரி என்றார். அந்தக் கூட்டத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை எட்டிப் பார்த்துத் தோற்றவன் அவன் ஒருத்தன்தான். அந்தத் தகுதி போதும் என்று பாயும் நினைத்தார், அவனும் நினைத்தான்.

நினைத்தவன் சும்மா இருந்தானா? செங்கல்பட்டு பஜாரில் ஒரு பேண்ட் தைத்துக்கொண்டான். தையல்காரர் இடுப்பைத் தாராளமாக விட்டுவிட்டார். பெல்ட் வாங்க முடியாமல் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் சட்டையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு வந்து நின்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல் தூக்கும்போது ஜம்புலிங்கம்தான் பாட்டெடுப்பான். அவன் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் "ஐலசா" என்று சேர்ந்து கத்துவார்கள். அந்தக் கத்தலோடு எட்டுக் கடப்பாரையும் ஒன்றாக அமுங்கும், கல் எழும்பும். வரியில் எது வேண்டுமானாலும் வரும். பாயின் தாடி வரும், டிரைவரின் மாமியார் வருவாள். யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. அன்றைக்குக் கல் பார்க்க வந்திருந்த ஒரு கோயில் டிரஸ்டி பக்கத்தில் நிற்கும்போது ஜம்புலிங்கம் எடுத்தான்:

"பேண்ட்டு போட்ட மேஸ்திரிக்கு, ஐலசா! பெல்ட்டு எங்கே காணோமே, ஐலசா! சட்டையைத் தூக்கிப் பாரய்யா, ஐலசா! சணல் கயிறு ஆடுதய்யா, ஐலசா!"

டிரஸ்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாயும் சிரித்தார். கங்காதரனின் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது. அன்று சோற்றில் கை வைக்கவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? கிண்டல் செய்தது அவனை நம்ம ஆள் என்று நினைத்ததால்தான். அது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக, இனிமேல் பாட்டு கூடாது, கண்டபடி கத்துவது ஒழுங்கீனம், நான் ஒன், டூ, த்ரீ சொல்லுவேன், அதற்குத் தூக்குங்கள் என்று உத்தரவு போட்டான். ஜம்புலிங்கம் ஏதோ கேட்க வாயெடுத்தான். கங்காதரன் கையைக் காட்டி அடக்கிவிட்டான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கடப்பாரையை எடுத்தார்கள்.

சின்னக் கற்களுக்கு அந்த எண்ணிக்கை எப்படியோ ஒப்பேறியது. அவன் மேஸ்திரியான பதினோராம் நாள் ஒரு பெரிய பாறை. முன்மூலையில் சுப்பிரமணி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். கங்காதரன் ஒன் என்றான், டூ என்றான், த்ரீ என்றான். த்ரீ என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் சுப்பிரமணி அமுக்கினான். மற்ற ஏழு பேரும் த்ரீ முடியட்டும் என்று ஒரு மூச்சு காத்தார்கள். அந்த ஒரு மூச்சில் பாறை ஒருபக்கமாகப் புரண்டு சுப்பிரமணியின் வலது பாதத்தின் மேல் இறங்கியது.

கல்லை நகர்த்திக் காலை எடுக்கும்போதே கங்காதரனுக்குத் தெரிந்துவிட்டது. த்ரீயில் தூக்குவதா, த்ரீ முடிந்து தூக்குவதா என்று அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதென்ன, அவனே அதை யோசித்ததில்லை.

பாய் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். கங்காதரன், "சுப்பிரமணி அவசரப்பட்டுட்டான் பாய்" என்றான்.

ஏழு பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஜம்புலிங்கம் தன் கடப்பாரையைத் துடைக்க ஆரம்பித்தான். பாய் அப்போதே சொல்லிவிட்டார்: வைத்தியம் பார்க்க வேண்டியது என் பொறுப்பு, ஆனால் அவசரக்காரனை இனி கல்லிடம் விடமாட்டேன், இன்னொருத்தன் உயிர் போகும். இரண்டே நாளில் அந்தப் பேச்சு மற்ற லாரிக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. கல் வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாதவனுக்கு அந்த வட்டாரத்தில் எந்த லாரியிலும் இடமில்லை என்று ஆகிவிட்டது. எல்லாம் ஒரு வார்த்தையால்.

நாலாம் நாள் கங்காதரன் நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான். பேண்ட் போடவில்லை, வேட்டிதான். சுப்பிரமணிக்கு இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். பக்கத்தில் அவன் மனைவி பொன்னி, மேஸ்திரியைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். கங்காதரனுக்கு உட்காரக் கூசியது.

சுப்பிரமணி திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். அவன் திட்டவில்லை. கூரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்.

"அண்ணாத்த, நீ த்ரீ சொல்லச்சொல்ல நான் அமுக்கிட்டேன். த்ரீ முடிஞ்சப்பறம்தான் அமுக்கணுமா? எனக்குப் படிப்பு கெடையாது பாரு, அதான் புரியாம பூட்டுது போல கீது. என்னால உனுக்கும் கெட்ட பேரு."

தூ, நானும் ஒரு மனுஷனா என்று கங்காதரனுக்குத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதாவது சொன்னானா? இல்லை. ரெஸ்ட் எடு என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தலை நிமிராமல் நடந்தான். நேராகப் பாயின் கடைக்குப் போனான். போய் நின்று, லாரிக்கு டீசல் போட்டாச்சா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினான். அடுத்த மூன்று நாளும் போனான். மூன்று நாளும் டீசல்தான்.

வீட்டில் மனைவி வச்சலாவிடம்தான் முதலில் வாய் விட்டான். அவள் மீனை அலசிக்கொண்டே முழுதும் கேட்டாள். தேற்றுவாள் என்று நினைத்திருந்தான், புருஷனாயிற்றே. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள்.

அடுத்த நாள் லோடு ஏற்றும் இடத்தில் பாயும் ஏழு பேரும் இருக்கும்போது சொன்னான். பெரிய பிரசங்கமெல்லாம் இல்லை. "தப்பு என்னுது பாய். எப்பத் தூக்கணும்னு நான் சொல்லவே இல்ல. அவன் மேல பழிய போட்டுட்டேன்."

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபத்தில் அவர் தாடி துடித்தது. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, இது உங்களுக்குத் தெரியுமா என்றார். ஜம்புலிங்கம்தான் பதில் சொன்னான்.

"அன்னிக்கே தெரியும் பாய். அவன் வாயால வருதான்னு பாத்துகினு இருந்தோம். எட்டு நாளு ஆச்சி."

எட்டு நாள் என்றதை அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கங்காதரனுக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றான். தானாகவே போய், சுப்பிரமணி பிடித்திருந்த முன்மூலைக் கடப்பாரையை எடுத்துக்கொண்டான். பாய் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. லாரிக்காரர்களிடம் மட்டும் அவரே போய், சுப்பிரமணி மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சுப்பிரமணி நொண்டிக்கொண்டு வந்தான். கால் ஊன்றிக் கடப்பாரை பிடிக்க முடியாது. பாய் கூட்டத்தைக் கேட்டார், கூட்டம் அவனையே மேஸ்திரி ஆக்கு என்றது. பாட்டு மறுபடி ஜம்புலிங்கத்திடம் வந்தது. சுப்பிரமணி புதிதாக ஒரு பழக்கம் கொண்டுவந்தான். முதல் கல்லைத் தொடுமுன் எட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் போய், "எப்பத் தூக்கணும்? நீயே சொல்லு" என்று கேட்பான். ஒவ்வொருத்தனும் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கல்லில் கை.

கங்காதரன் பதினோரு வருஷம் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தினமும் காலையில் சுப்பிரமணி வலது காலை இழுத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்று கேட்பான். "ஐலசான்னு சொல்லச்சொல்ல" என்று கங்காதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வான். அந்தக் கேள்வியில் ஒருநாள்கூடக் குத்தல் இருந்ததில்லை. சரி அண்ணாத்த என்று தலையாட்டிவிட்டுச் சுப்பிரமணி அடுத்த ஆளிடம் போய்விடுவான்.