வளையம் போட்ட ஆரஞ்சு மரம்

தாவரவியல் வாத்தியாருக்குப் பெரிய கண்டம் எதுவென்றால், செய்து காட்டிய சோதனை சரியாக வந்துவிடுவதுதான். தோற்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அத்தோடு போயிற்று. ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை, என்னைப் போல மாட்டிக்கொண்ட சக வாத்தியார்களுக்காகச் சொல்கிறேன்.

மூட்டத்தில் அயோடின்

எண்பதுகளில் ஏற்காட்டில் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தேன். இலை வெயிலில் சர்க்கரை செய்து, மிச்சத்தை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கும். பச்சையைப் போக்கி அயோடின் விட்டால் கறுநீலமாகும். ஏற்காட்டு மூட்டத்தில் வெயிலுக்கு எங்கே போவது? இலை நிறம் மாறவே இல்லை. அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் கேட்டார்: "ஏனுங்க சார், எலை இன்னும் பாஸாகலைங்களா?"

பட்டையில் ஒரு வளையம்

அந்த மானக்கேட்டைத் துடைக்க, பள்ளி ஆரஞ்சு மரத்தில் பிஞ்சு பிடித்திருந்த கிளைகளில் ஒன்றில் மட்டும் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். இலை செய்யும் சர்க்கரை பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழியை அடைத்தால் கிளையிலேயே தங்கிவிடும். தங்கியது. அந்தக் கிளைப் பழங்கள் பெருத்து, அப்படி இனித்தன.

செம்மநத்தத்திலிருந்து கடைவீதிக்குப் பழம் கொண்டுவரும் வெள்ளையனுக்குப் பெருமையோடு ஒரு பழமும், கூடவே விளக்கமும் கொடுத்தேன். அடுத்த காய்ப்பில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சந்தோஷமாகச் சொன்னார்: "ஒவ்வொரு கெளையா எதுக்குங்க சார்? எங்கூட்டு மரம் எல்லாத்துக்கும் அடிமரத்துலயே வளையம் போட்டுட்டனுங்க!"

செம்மநத்தம் போன ஜீப்

அடிமரத்தில் வளையம் போட்டால் வேருக்குச் சர்க்கரை போகாது. வேர் பட்டினி கிடந்து மரமே செத்துவிடும். அந்த மரங்கள்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு. அவரையும் இழுத்துக்கொண்டு, கிடைத்த ஜீப்பில் தொற்றினேன். அவர் மனைவி காளியம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒரு வாக்கியமும் வாயில் நிற்கவில்லை.

போனதும் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றித் தடவினேன். எல்லாவற்றிலும் மலை உச்சிச் சேர்வராயன் கோயிலைப் பார்த்த பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை உரிபடாமல் இருந்தது. சர்க்கரை இறங்க அந்த வழி போதும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமே படவில்லை. ஏன் விட்டார்கள் என்று கேட்டேன். காளியம்மா சொன்னார்: "இவரு முழுசா உரிக்கத்தானுங்க பாத்தாரு, நாந்தான் உடலைங்க. எதுல கை வெச்சாலும் சாமிக்கு ஒரு பங்கு உடாம எடுக்கறதில்லைங்க எங்கூட்டுல."

அதற்குப் பிறகு வளையச் சோதனையை நான் கரும்பலகையில் சாக்பீஸால் மட்டுமே செய்து காட்டினேன், அதிலும் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் அழித்து வழி விட்டுத்தான்.