அரையங்குலத்தின் பித்தளை வளையம்

எங்கள் பட்டறையில் கால் செய்கிறோம். நாற்காலிக்கும் மேசைக்கும் அல்ல, மனிதர்களுக்கு. நான் பிளாஸ்டர்காரி. பாதியில் நின்றுபோன தொடையைச் சுற்றி ஈரப் பிளாஸ்டரைப் பூசி அச்சு எடுப்பது என் வேலை. அந்த அச்சைக் கொண்டு கூடு செய்து, கீழே முட்டியையும் பாதத்தையும் பூட்டி, ஆளை எழுப்பி நிறுத்துவது அரையங்குலத்தின் வேலை. பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. எந்தக் காலைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து "அரையங்குலம் இடிக்குதே" என்பார். கால் சரியாக இருந்தாலும் சொல்வார்.

எங்கள் ஊரில் இத்தனை கால்கள் தேவைப்பட்டதற்குக் காரணம் இரண்டு பெரிய நாடுகள். அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதவர்கள் நேருக்கு நேர் அடித்துக்கொண்டு ஒழியவேண்டியதுதானே? செய்யமாட்டார்கள், நாகரிகமானவர்கள். அவர்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் யார் மாற்றுவது? ஆகவே ஒருவர் எங்கள் வடக்குப் பக்கத்துக்குத் துப்பாக்கி கொடுத்தார், மற்றவர் தெற்குப் பக்கத்துக்குக் கொடுத்தார். பதினோரு வருஷம் நடந்தது. படித்தவர்கள் இதைப் பதிலிப் போர் என்று எழுதுகிறார்கள். அரையங்குலம் பினாமிப் போர் என்றுதான் சொல்வார். நிலத்தை மச்சான் பேரில் வாங்கிப்போடுவதில்லையா, அதுமாதிரி சாவை எங்கள் பேரில் வாங்கிப்போட்டார்களாம்.

போர் முடிந்ததும் இருவருக்கும் எங்கள்மேல் ஒரே நேரத்தில் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாடு முட்டிகளை அன்பளிப்பாக அறிவித்தது. அடுத்த வாரமே மற்ற நாடு பாதங்களை அறிவித்தது. முட்டி கொடுத்தவர்கள் எதையும் அங்குலத்தில் அளப்பவர்கள், பாதம் கொடுத்தவர்கள் மில்லிமீட்டரில் அளப்பவர்கள். ஆகவே பட்டறையில் நாங்கள் வைத்த பெயர் அங்குலக்காரர், மில்லிக்காரர். அங்குலக்காரரின் திருகாணி மில்லிக்காரரின் துளைக்குள் மூன்று சுற்று சமர்த்தாகப் போகும். நாலாவது சுற்றில் இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டதே என்று நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பினோம். பத்தாம் நாள் ஆள் தனியாக, பாதம் பையில் தனியாகத் திரும்பி வந்தார்கள். அரையங்குலம் ஒரு பகல் முழுக்க லேத் முன்னால் உட்கார்ந்து, வெளியே ஓர் அளவில் திருகுமரையும் உள்ளே இன்னோர் அளவில் மரையுமாக விரல்மொத்தப் பித்தளை வளையம் ஒன்றைக் கடைந்தார். அதை நடுவில் பூட்டியதும் முட்டியும் பாதமும் சண்டை போடாமல் சேர்ந்து நின்றன.

நானூறு பேர் அந்த வளையத்தின் தயவில்தான் நடக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட இரு நாடுகளும் பதறிவிட்டன. எங்கள் முட்டியை அவர்கள் பாதத்தோடு சேர்க்காதே என்று இரண்டு கடிதம் வந்தது. பதினோரு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் மேலாளர் கடிதங்களைக் கோப்பில் போட்டார், "வளையம் எதுவும் எனக்குத் தெரியாது" என்று எங்களிடமே சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷன்.

அந்த நானூறு பேரில் ஒருவர் அரையங்குலத்தின் சொந்த அண்ணன். தபால்காரர். ஒரு நாளைக்கு ஆறேழு மைல் நடக்கிறார். ஒரு பக்கம் தொடைக்குக் கீழே ஒன்றும் கிடையாது, நாங்கள் கொடுத்ததுதான். அண்ணனும் தம்பியும் ஒரே லேத் பட்டறையில் வளர்ந்தவர்கள். போர் வந்தபோது அண்ணன் மில்லிக்காரர் பக்கம் போனார், கொள்கைக்காக. தம்பியை அங்குலக்காரர் பக்கத்து ஆட்கள் ஒரு மதியம் பட்டறையிலிருந்தே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், லேத்தோடு சேர்த்து. அவருக்குக் கொள்கை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மரை வெட்டத் தெரியுமா என்று கேட்டார்கள்.

அங்கே என்ன வேலை செய்தார் என்பதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அண்ணன் முதன்முதலாக அச்சுக்கு வந்த அன்று. தபால்காரரின் தொடையில் நான் பிளாஸ்டர் பூசிக்கொண்டிருந்தேன், அரையங்குலம் கதவோரம் நின்று பார்த்துவிட்டு விறுவிறுவென்று பின்பக்கம் போனார். போய்ப் பார்த்தால் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். அங்குலக்காரர் அனுப்பிய மிதிவெடிகளுக்கு, மேலே திருகிப் பூட்டுகிற வெடிமுனை தீர்ந்துபோயிருந்ததாம். எதிரிகளிடம் பிடித்த மில்லிக்காரர் முனைகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தனவாம். ஒன்று மற்றதில் ஏறவில்லை. ஏற்றிக் கொடு என்று நெற்றியில் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை, விரல்மொத்தப் பித்தளை. நாற்பது வளையம் கடைந்து கொடுத்தாராம்.

"அதுல ஒண்ணுதான் அண்ணன் காலோன்னு நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குதுக்கா," என்றார்.

அவருக்கு இருக்கும் ஒரே சொந்தம் அந்த அண்ணன்தான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தபால்காரர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருகாணியைச் சரிபார்க்க வருவார். சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும், மூன்று மணிநேரம் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று மணிநேரத்துக்காக அரையங்குலம் மாதம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்வேன். விஷயம் தெரிந்தால் அண்ணன் காலைக் கழற்றி மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தார். பயப்படாமல் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் எறிவேன்.

இப்படியே வருஷங்கள் ஓடியிருக்கும். அதற்குள் அங்குலக்காரரும் மில்லிக்காரரும் நண்பர்களாகிவிட்டார்கள். ஒருவரிடம் எரிவாயு இருந்தது, மற்றவரிடம் பணம் இருந்தது, இதற்கு மேல் நட்புக்கு என்ன வேண்டும்? இருவரும் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். நான்கு நாடுகளில் தாங்கள் நடத்திய நான்கு போர்களை ஒப்பிட்டு ஆராய்வதாம். ஒப்பிட்டுப் பார்த்து எது நன்றாக வந்திருக்கிறது என்று பரிசு கொடுப்பார்களோ என்னவோ. கள்ளப்பிள்ளையாகக் கிடந்த எங்கள் வளையம் ஒரே இரவில் 'ஒத்துழைப்பின் சின்னம்' ஆயிற்று. அதைக் கண்டுபிடித்தவர் மேடையில் பேசவேண்டும், அதை அணிந்த ஒருவர் நடந்து காட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. மேலாளர் ஜன்னலிலிருந்து திரும்பி, அண்ணன் தம்பியையே அனுப்பலாம், பார்க்க உருக்கமாக இருக்கும் என்று முடிவுசெய்தார். தபால்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார். அரையங்குலத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வளையம் எப்படித் தோன்றியது என்று பத்து நிமிஷம் பேசவேண்டுமாம், அதுவும் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

துணைக்கு நானும் போனேன். அரங்கில் காலையில் அறிஞர்கள் பேசினார்கள். திரையில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். எத்தனை வருஷம், எத்தனை பேர், யாருக்கு ஆதாயம். எங்கள் போரைக் 'குறைந்த தீவிரம்' என்ற கட்டத்தில் போட்டிருந்தார் ஒருவர். இருக்காதா பின்னே, அவர் ஊரில் ஒருவருக்கும் சளிகூடப் பிடிக்கவில்லையே. இன்னொருவர் எழுந்து, இது உண்மையில் பதிலிப் போரே இல்லை, உள்ளூர்ப் பகைக்கு வெளியிலிருந்து கொஞ்சம் உதவி, அவ்வளவுதான் என்றார். அரைமணி நேரம் பெயருக்காக அடித்துக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

மதியச் சாப்பாடு அறிஞர்களுக்கு மேலே கூடத்தில். கால் செய்கிறவர்களுக்குச் சமையலறைப் பக்கத்து நடையில் பொட்டலம். மற்ற மூன்று நாட்டுக் கால்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும். எங்கள் பேச்சு அவர்களுக்கும் அவர்கள் பேச்சு எங்களுக்கும் தெரியாது, நடுவில் மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண் மட்டும் வாயில் சாப்பாடு போகாமல் தவித்தாள். அரையங்குலம் சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்து மரியாதைக்குக் காட்டினார். அந்த மூவரில் இருந்த பெண் சிரித்தாள். தன் பையைத் துழாவி ஒன்றை எடுத்து வைத்தாள். அலுமினியம், விரல்மொத்தம், வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை. அடுத்தவர் இரும்பில் ஒன்று வைத்தார். மூன்றாமவரும் எடுத்தார். அவர்களுக்கும் முட்டி ஒரு வீட்டிலிருந்து, பாதம் மறுவீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. நாலு வளையங்களும் பொட்டலக் காகிதத்தின்மேல் கிடந்தன. எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் அந்த அலுமினியக்காரி ஒன்று கேட்டாள். முதல் வளையத்தைக் காலுக்காகத்தான் செய்தீர்களா என்று. மொழிபெயர்ப்புப் பெண் கேள்வியைச் சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுபோனது. இரும்புக்காரர் குனிந்து பொட்டலத்தை மடித்தார். கேட்டவளே பதிலையும் சொன்னாள். சைக்கிள் கடை வைத்திருந்தாளாம், ஒரு நாள் சிப்பாய்கள் ஒரு பெட்டி மிதிவெடியும் இன்னொரு பெட்டி முனையுமாக வந்தார்களாம், ஒன்று மற்றதில் ஏறவில்லையாம். இரும்புக்காரருக்குத் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் கொட்டகை. மூன்றாமவர் தலையை மட்டும் ஆட்டினார். மேலே அறிஞர்கள் கட்டம் போட்டுக் காலை முழுக்க ஒப்பிட்டதை இவர்கள் பொட்டலம் காலியாகும் முன்னால் ஒப்பிட்டு முடித்துவிட்டார்கள். அரையங்குலம் தன் வளையத்தைப் பார்த்துக்கொண்டே "எனக்கும்தான்" என்றார். சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது. தபால்காரர் அவருக்கு இரண்டு முழம் தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தபால்காரர் கையைத் துடைத்தார், எழுந்தார், எங்களைத் தாண்டி நடந்து போய்விட்டார். அரையங்குலம் பின்னால் ஓடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. "போச்சு" என்று மட்டும் சொன்னார். வெடி செய்தவர்கள், விற்றவர்கள், புதைக்கச் சொன்னவர்கள் எல்லோரும் மேலே பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள், இந்த மனுஷன் இங்கே பாவம் சுமந்து உட்கார்ந்திருக்கிறார். யாரையாவது நாலு அறை அறையவேண்டும்போல இருந்தது.

மேடையில் முறை வந்தபோது அரையங்குலத்துக்குக் குரல் எழும்பவில்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று பேய்முழி முழித்தார். நிலைமையைச் சமாளிக்க, தலைமை வகித்த அறிஞர் 'நடந்து காட்டுகிறவரை' அழைத்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தபால்காரர் பக்கவாட்டிலிருந்து வந்தார். அங்குமிங்குமாக இரண்டு தடவை நடந்தார், கைதட்டினார்கள். அறிஞர் ஆராய்ச்சிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உங்களைக் காயப்படுத்தியது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டார். கட்டத்தை நிரப்பவேண்டுமே.

தபால்காரர் யோசிக்கவே இல்லை.

"உங்க ரெண்டு பேரோடதும்தான். நடுவுல கொஞ்சம் எங்க வீட்டுது."

மொழிபெயர்ப்புப் பெண் முதல் பாதியைச் சொன்னாள், மறுபாதிக்குத் திணறினாள். அறிஞர் 'தெளிவில்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தார்.

இறங்கி வந்து பக்கத்து நடையில் நின்றோம். அரையங்குலம் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, எப்போது தெரியும் என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலேயே தெரியும் என்றார் தபால்காரர். சதையிலிருந்து எடுத்ததையெல்லாம் டாக்டர் ஒரு தட்டில் போட்டுக் காட்டினாராம். அதில் பாதி வளையம் கிடந்ததாம். உள்விளிம்பை இரண்டு தடவை சீவியிருந்ததாம், எடுத்துப் பூட்டுகிறவன் விரல் அறுபடக்கூடாது என்று. மிதிவெடியில்கூட அந்த அக்கறையைக் காட்டுகிற கிறுக்கன் நாட்டில் இன்னொருத்தன் உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏண்ணே எங்கிட்ட வந்தே? வேற ஊர்லயும் கால் செய்யிறாங்களே," என்றார் தம்பி.

"வேற எவன் செஞ்சாலும் கழண்டுரும்டா. நீ மாட்டினது கழலாது. அனுபவிச்சவன் சொல்றேன்."

அரையங்குலம் அழுதார். சின்ன அழுகை இல்லை, நடையில் போய்க்கொண்டிருந்த அறிஞர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. தபால்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, காற்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மேடைப் படியில் ஏறும்போது எங்கோ இடித்தது, கொஞ்சம் பார் என்று காலை நீட்டினார். தம்பி தரையில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டார்.