சிவரூபன் கடைக்கு விழுந்த ஸ்டார்

போனுக்குள்ளே சாமான் வாங்குகிறவர்களைச் சிவரூபன் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாமான் என்றால் கையில் எடுத்துத் தடவிப் பார்க்க வேண்டும், இரண்டு குறை சொல்ல வேண்டும், கடைக்காரனிடம் நாலு பேச்சு வாங்க வேண்டும், பிறகுதான் வாங்க வேண்டும். படத்தை விரலால் தட்டிவிட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பதற்குப் பெயர் வியாபாரமா என்று அவன் கேட்காத நாள் இல்லை.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் அவனுடைய கடை. போன் கவர், சார்ஜர், ஹெட்செட், பவர் பேங்க், அதோடு டிஸ்பிளேக்கு மேல் டெம்பர் கண்ணாடி ஒட்டுகிற வேலை. நேர் முன்னால் றஊப்பின் கடை. அங்கேயும் அதே கவர், அதே சார்ஜர். இரண்டு கடைக்கும் நடுவில், டவுனுக்குள்ளேயே திரிகிற மான்கள் வந்து நின்று வெறும் கார்ட்போட் பெட்டிகளை மென்றுகொண்டிருக்கும். பார்சல் பெட்டிகள் பெருகியதிலிருந்து ஊர் மான்களெல்லாம் கொழுத்துவிட்டன என்பது சிவரூபனின் கண்டுபிடிப்பு.

"உந்த ஒன்லைன் வியாபாரத்திலை லாபம் கண்ட சீவன் உதுகள்தான்" என்பான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கியில் வேலை செய்கிற ஒருவர் மலிவாக ஒரு டெப்லட் வாங்கியதாகச் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்தார். படம் ஓடவில்லையாம், நிறம் வரவில்லையாம், நிறுத்தினாலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே நிற்கிறதாம். டிஸ்பிளேயை மாற்றித் தர வேண்டுமாம். சிவரூபன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயா, இதிலை ஒரு பிழையும் இல்லை. இது வாசிக்கிறதுக்கு மட்டும் செய்தது."

"எதை வாசிக்க?"

"புத்தகம்."

"அதை ஏன் நான் வாசிக்கிறன்?" என்று அந்தப் படித்த மனிதர் கோபித்துக்கொண்டு போனார்.

இப்படியான ஆட்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சிவரூபன் காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் சிரிப்பதற்கும் ஆள் வர வேண்டுமே. கவர் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு சார்ஜர் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். கடைசியில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரன், தினமும் முகம் பார்க்கிறவன், இணையத்தில் வாங்கிய டெம்பர் கண்ணாடியை உறையோடு நீட்டி, "ஒட்டி மட்டும் தா மச்சான்" என்றான். சிவரூபன் கண்ணாடி ஒட்டினால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி நிற்காது. அந்தக் கையை, வேறு எவனோ விற்ற கண்ணாடிக்குக் கூலி வேலை செய்யக் கேட்கிறான்.

"என்ர கடையிலை வாங்கின கண்ணாடியைத்தான் என்ர கை தொடும். போய் வித்தவனைக் கொண்டு ஒட்டுவி" என்று துரத்திவிட்டான். துரத்திய பிறகு பார்த்தால், அன்றைக்குக் கடைக்கு வந்த ஆள் அவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகுதான் மகள் கீர்த்தனி நெடுநாளாகச் சொல்லி வந்ததற்கு இணங்கினான். அவள் கடையைக் கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஒன்லைன் வியாபார அப்பில் சேர்த்துவிட்டாள். ஓடர் கூடினால்தான் கடையை மேலே காட்டுவார்களாம். ஆகவே சிவரூபன் என்ன செய்தான் என்றால், கடை வாசலில் நிற்கிற பழைய வாடிக்கைக்காரரையும் அங்கேயே நின்று போனில் ஓடர் போடச் சொன்னான். அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று தட்ட, அந்தப் பக்கம் அவன் போன் 'கிணிங்' என்று அடிக்க, சாமானைக் கையில் எடுத்துக் கொடுப்பான். நேற்றுவரை யாரைப் பார்த்துச் சிரித்தானோ அவர்களைவிடப் பெரிய கூத்து இது. அவனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

"இனி ஸ்டார் முக்கியம் அப்பா" என்றாள் கீர்த்தனி. "வாங்கின ஆக்கள் ஸ்டார் போடவேணும். எத்தினை போடவேணும் எண்டும் சொல்லிவிடுங்கோ."

"எத்தினை எண்டு நான் வாயாலை கேக்கிறதோ? அது பிச்சை எடுக்கிற மாதிரி. சனத்துக்குத் தெரியும்."

"தெரியாட்டி?"

"என்ர கஸ்டமர் எல்லாம் மாடுகளே? தெரியும்."

ஒரு கடதாசியில், 'வாங்கியவர்கள் ஸ்டார் போடவும்' என்று எழுதி ஒட்டினான். வந்தவர்களிடமெல்லாம், "ஸ்டாரைப் போட்டுவிடுங்கோ" என்று ஒரு தோரணையாகச் சொல்லியும் அனுப்பினான்.

போட்டார்கள். ஒன்று. அடுத்ததும் ஒன்று. அதற்கடுத்ததும் ஒன்று. ஐந்து ஸ்டாரில் நாலு வெளிறிப்போய் நிற்க, முதலாவது மட்டும் மஞ்சளாய் எரிந்தது. கிழமைக்குக் கிழமை ஒற்றை ஒற்றையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. கொம்பனியிலிருந்து கடிதம் மாதிரி ஒரு மெசேஜ் வந்தது. இந்த மாதம் முடிவதற்குள் கடையின் மதிப்பு மூன்றுக்கு மேல் ஏறாவிட்டால் அப்பிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

நீக்கினால் பழையபடி ஈ, இலையான் கலைக்க வேண்டியதுதான். அதைக்கூடச் சிவரூபன் பொறுப்பான். முன் கடையில் இருந்துகொண்டு றஊப் அதைப் பார்ப்பானே, அதைத்தான் பொறுக்க ஏலாது.

நினைத்துப் பார்க்கப் பார்க்க எல்லாம் றஊப்பின் வேலையாகவே தெரிந்தது. யார் போட்டது என்று அப்பிலும் பார்க்க முடியாது. பெயரின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டு, நடுவைப் புள்ளி வைத்து மறைத்திருப்பார்கள். சிவரூபன் ஒழுங்கையைக் கடந்து போய் நின்றான்.

"என்ன றஊப், ஆள் வைச்சு அடிக்கிறீரோ?"

றஊப் ஒரு சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். "யாருக்கு அண்ணன் அடிச்ச?"

"என்ர கடைக்கு ஒண்டு ஒண்டாப் போடுவிக்கிறது நீர்தானே?"

"ஸ்டார் போடணும் எண்டா முதல்ல உங்கட சாமான வாங்கணும். நான் ஏன் அத வாங்குற? உங்களுக்கும் எனக்கும் ஒரே ஆள்தானே லொறியில கொண்டுவந்து இறக்குறான்." வயரை மாட்டிவிட்டு, "உங்கட எதிரி உங்கட கஸ்டமர்தான் அண்ணன். போய் அங்க தேடுங்க" என்றான்.

அது சிவரூபனுக்குச் சுட்டது. வாங்காதவன் போட முடியாது என்பது உண்மை. அப்படியென்றால் முகத்துக்கு நேரே அண்ணை, தம்பி என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குத்துகிறார்கள். நன்றி கெட்ட சனம். அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரையும் கண்ணை இடுக்கிப் பார்த்தான். மிச்சக் காசைக் கையில் கொடுக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தள்ளினான்.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஒரே ஒரு ஐந்து. அத்தனை ஒற்றைகளுக்கு நடுவில் ஐந்தும் மஞ்சளாக எரிந்துகொண்டு நின்றது ஒன்று. ஆளின் பெயர் ஆங்கிலக் 'கே'யில் தொடங்கியது. 'என்'னில் முடிந்தது. நடுவெல்லாம் புள்ளி.

"ஆராவது எஞ்சினியராய் இருக்கும்" என்று கீர்த்தனிக்குச் சொன்னான். "சாமான் தெரிஞ்ச மனுசன். இந்த ஊரிலை அறிவுள்ள ஒரு சீவன் இருக்கு எண்டதுக்கு உதுதான் சாட்சி. அந்தாள் எப்பவாவது கடைக்கு வந்தால் கதிரை போட்டு இருத்துவன்."

கடற்கரை ஊரான சல்லியிலிருந்து தம்பிராசா வந்தது அதற்கு அடுத்த கிழமை. சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்துத் தொழில் செய்கிற மனிதர். போன் நனையாமல் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையைச் சிவரூபனிடம் வாங்கி, தன் ஊர்ப் பொடியன்களுக்கும் வாங்குவித்தவர். கடைக்குள் வந்ததும் சிரிப்பு வாய் கொள்ளவில்லை.

"என்ன தம்பி, சந்தோசமே? உமக்கு முதலாவது போட்டிட்டன்."

சிவரூபனின் கை அப்படியே நின்றது. "என்னத்தை?"

"ஸ்டார்தான். நான் மட்டுமே? உறை வாங்கின எங்கட பொடியள் அம்பிட்டுப் பேரையும் அம்மன் கோயிலடியிலை இருத்தி வைச்சுப் போடுவிச்சனான். ஒருத்தன் ரெண்டு போடப் போனான். பேசினன். சிவரூபனுக்கு ரெண்டாமிடமோடா எண்டு."

உள்ளே கீர்த்தனி இருந்த பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

சிவரூபன் கதிரையில் இருந்துவிட்டான். எதிரி இல்லை. சதி இல்லை. இருந்ததெல்லாம் அன்பு. அன்பாலேயே அடித்துக் கிடத்தியிருக்கிறார்கள்.

"அண்ணை, ஒண்டு எண்டால் கூடாது எண்டு அர்த்தம். அஞ்சுதான் நல்லது."

"ஆர் சொன்னது?"

"அப்பிலை அப்பிடித்தான்."

"பள்ளிக்கூடத்திலை முதலாம் பிள்ளை நல்லதோ அஞ்சாம் பிள்ளை நல்லதோ? சித்திரை வருசத்துக்கு வள்ளப் போட்டியிலை நான் முதலாவது வந்தனான். அஞ்சாவதாய் வந்தவனுக்கு ஒரு சோடாவும் குடுக்கேல்லை."

கீர்த்தனி எட்டிப் பார்த்தாள். "மாமா, பொலிஸ்காரரைப் பாருங்கோ. தோளிலை ஸ்டார் கூடக் கூடத்தானே பெரிய ஆள்?"

"பொலிஸ் கூடி ஆருக்குப் பிள்ளை நன்மை வந்தது?" என்றார் தம்பிராசா.

சிவரூபன் மாத முடிவை நினைத்து, "அண்ணை, போட்டதை மாத்தலாம். நீங்களும் பொடியளும் ஒருக்கா..." என்று தொடங்கினான். அவ்வளவுதான். தம்பிராசாவின் முகம் மாறியது.

"முதலாம் பிள்ளையை நானே அஞ்சாம் பிள்ளையாக்கோணுமோ? பொடியளுக்கு என்னெண்டு சொல்லுறது? நேற்று இவனைப் போல ஆள் இல்லை எண்டனான், இண்டைக்கு இறக்கிவிடுங்கோ எண்டோ? எனக்குச் சல்லியிலை ஒரு மதிப்பு இருக்குத் தம்பி." எழும்பிப் போகும்போது திரும்பி நின்று சொன்னார்: "முதலாவது உமக்குப் பாரமாய் இருந்தால் முந்தியே சொல்லியிருக்கலாம்."

அவர் போன பிறகு சிவரூபன் சனத்தைத் திட்டினான், பள்ளிக்கூடங்களைத் திட்டினான், ஸ்டார் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையைத் திட்டினான். எத்தனை போட வேண்டும் என்று சொல்ல மறுத்தவனை மட்டும் திட்டவில்லை. கடைசியில் போனை எடுத்து அந்த ஒற்றை ஐந்தைப் பார்த்தான்.

"இந்த மனுசன் ஒருத்தனுக்குத்தான் விளங்கியிருக்கு" என்றான்.

அந்த மனுசன் மாத முடிவுக்கு முதல் நாள் வந்தார். கிண்ணியாவிலிருந்து, வேர்க்க விறுவிறுக்க, கையில் ஒரு பவர் பேங்கோடு. பெயர் கலீலுர் றஹ்மான். நெல் வியாபாரம் செய்கிற வயதான மனிதர். வந்த வேகத்தில் பவர் பேங்கைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

"தம்பி, இது உங்கட கடைச் சாமான்தானே? ஒரு கிழமை போகல்ல, மையித்தாப் போச்சு, உசிரே இல்ல. நம்பி போன்ல வாங்கின. வயிறெரிஞ்சுதான் அஞ்சு போட்ட நான்."

சிவரூபன் நிமிர்ந்தான். "அஞ்சு போட்டது நீங்களே?"

"நாந்தான். கடைசி இடம். அதுக்குக் கீழ இருந்திருந்தா அதையும் போட்டிருப்பன்."

சிவரூபன் சொன்ன சொல்லுக்கு எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினான். பவர் பேங்கைத் திறந்தும் பார்க்கவில்லை. அலுமாரியிலிருந்து புதியது ஒன்றை எடுத்து, சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டி, கையில் கொடுத்தான். தேத்தண்ணிக்கும் சொல்லிவிட்டான்.

சண்டைக்கென்று ஆயத்தமாக வந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். முகம் இளகிவிட்டது.

"ஒரு வார்த்த எதிர்த்துக் கதைக்கல்ல நீங்க. இந்தக் காலத்துல இப்படி யாரு தம்பி? நான்தான் அவசரப்பட்டுட்டன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இருங்க, அத மாத்திவிடுறன்."

"அங்கிள், மாத்தாதேங்கோ" என்றாள் கீர்த்தனி.

"வேண்டாம் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் சிவரூபன். "அஞ்சிலையே இருக்கட்டும்."

"பாருங்க, அப்பவும் பெரும இல்ல" என்றார் கலீலுர் றஹ்மான். அவருடைய பெருவிரல் திரையைத் தடவி இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். நானா, அஞ்சுதான் நல்லது, கையை எடுங்கோ என்று நாலு சொல். தம்பிராசாவிடம் சொன்னது போதாதா? அறிவுள்ள ஒரே சீவன் என்று தான் மகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் இவர். இவரிடமும் நின்று, எனக்கு இத்தனை போடுங்கோ என்று கேட்பதா? கீர்த்தனி தகப்பனைப் பார்த்தாள். சிவரூபன் ஒழுங்கையைப் பார்த்தான். றஊப் தன் கடை வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆ, சரி" என்றார் கலீலுர் றஹ்மான். திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு மஞ்சள், நாலு வெளிறல். "இனி நீங்கதான் முதலாவது. சந்தோசமா?"

"ஓம் நானா" என்றான் சிவரூபன். "நல்ல சந்தோசம்."

மாதம் முடிந்த மறுநாள் காலை அப்பில் கடை இல்லை. சிவரூபன் சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்து ஒழுங்கையில் போட்டான். ஒரு மான் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, அதை விட்டுப் பக்கத்துப் பெட்டியைக் கடித்தது.

வெயில் ஏறிய பிறகு ஒரு பெடியன் வந்தான். வேலைக்குப் போகிற வயது, கையில் புதுப் போன், உறை பிரிக்காத டெம்பர் கண்ணாடி. "அண்ணை, ஒன்லைன்ல வாங்கினது. ஒட்டி மட்டும் தாறீங்களே?" என்றான். வாங்கப்போகிற பேச்சை எதிர்பார்த்து ஒரு அடி பின்னுக்கும் நின்றான்.

சிவரூபன் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுக்கு ஸ்டார் போட்டனீரோ?"

"ஓம் அண்ணை. நல்ல சாமான். முதலாவது போட்டனான்."

சிவரூபன் அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். பிறகு துணியை எடுத்துப் போனைத் துடைக்கத் தொடங்கினான்.

"இரும்" என்றான். "ஒட்டித் தாறன்."