ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டும் மெஷினும் அப்பாவும்

காலையில் எங்கள் விளாங்குடி வீட்டு வாசலில் ஒரு பாம்பு. பக்கத்துக் காலி மனையில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. இன்றே வெட்டிவிடுவோம் என்று புல்வெட்டும் மெஷினை எடுத்து டேங்கை நிரப்பினேன்.

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். ஸ்டார்ட் ஆகவே இல்லை.

நேற்றுதான் அப்பா அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரியாத வேலையில ஏம்ப்பா கைய வைக்கிறீங்க? நல்லா இருந்த மெஷினு!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மெஷினை ஆட்டோவில் ஏற்றி அவனியாபுரம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெட்ரோல் மெஷின்ல யாருண்ணே இம்புட்டு டீசல ஊத்துனது?"

நான்தான். ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்திருந்த கேனைப் பெட்ரோல் கேன் என்று நினைத்து ஊற்றியிருக்கிறேன்.

அவர் எல்லாவற்றையும் வடித்து, கழுவி, பெட்ரோல் ஊற்றி இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நாந்தேன் பிளக்க சரியா முறுக்காம விட்டுட்டேன் போலய்யா. இனிமே அதத் தொட மாட்டேன்."

"பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

புல்லையெல்லாம் வெட்டியாகிவிட்டது. உங்கள் அத்தனை பேரிடமும் ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது. அடுத்த அறையில் இருக்கிறவரிடம் எப்படி ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.