அரை முறம் தூசி

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்பது என் மனைவியின் சட்டம். மகள் சான்பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறிய மறுநாள் காலை, எங்கள் மயிலாப்பூர் வீட்டில் துடைப்பம் மூலையிலேயே கிடந்தது. எனக்கு எரிச்சல்.

"டிக்கெட்ல காலைல அஞ்சரைன்னு போட்டிருக்கு. மணி ஏழாச்சு, இறங்கியிருப்பா. பெருக்கு!" என்றேன். பெருக்கினாள்.

எட்டாகியும் போன் வரவில்லை. ஒன்பதுக்கு டிக்கெட்டை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த அஞ்சரை அமெரிக்க நேரம். நமக்கு மாலை ஆறு. அவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவன் நான். ஆனாலும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில், குப்பைக்கூடையிலிருந்த தூசியை முறத்தில் அள்ளிவந்து ஹாலில் தூவினேன். பதினாலாயிரம் கிலோமீட்டர் பயணத்துக்கு என் கையால் ஆனது அவ்வளவுதான்.

திரும்பினால், சமையலறை வாசலில் மனைவி. அன்று முழுக்க இருவரும் அந்தத் தூசியை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

ஆறேகாலுக்கு போன். "வந்துட்டேன்பா."

மனைவி துடைப்பத்தை என்னிடம் நீட்டினாள். "விளக்கு வைக்கறதுக்குள்ள நீங்களே பெருக்கிடுங்க."

பெருக்கிவிட்டேன். அள்ளிக் கொட்டத்தான் மனசு வரவில்லை.